பின் ஆக்சில்: பேரிங், ஆயில் சீல், கிரவுன் ஆயில்

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பின்னால் நின்று பார்த்தால் பின் ஆக்சில் படும் பாடு தெரியும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும். மறு சக்கரம் பாறை மேல் ஏறும். வண்டியின் எடையும் ஆட்களின் எடையும் தாழ்ந்த பக்கத்துப் பேரிங்கின் மேல் சாயும். ஈரக்கல்லில் வழுக்கிச் சுழலும் சக்கரத்துக்குச் சட்டென்று பிடி கிடைத்ததும் வண்டி ஓர் உதறு உதறும். அந்த உதறல் ஆக்சில் ஷாஃப்ட் வழியாகக் கிரவுன் பல் வரை போகும். மழைக்காலத்தில் இத்தனையும் சேற்றுத் தண்ணீருக்குள் நடக்கும்.

இதையெல்லாம் தாங்கத்தான் அந்த ஆக்சிலைச் செய்திருக்கிறார்கள். 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய மகிந்திரா, அதே வம்சத்து ஆக்சில்களைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. அவற்றில் பல இன்றும் எஸ்டேட் பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் பிரித்துப் பார்த்தவரை, பாழான பின் ஆக்சில்களைப் பாரம் கெடுத்ததைவிடத் தண்ணீர் கெடுத்ததுதான் அதிகம். அந்தத் தண்ணீரும் பெரும்பாலும் கிழிந்த சீல் வழியாக நுழைவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் சீலைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. எனவே பேரிங்கையும் சீலையும் தொடுவதற்கு முன்னால், பலரும் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு சிறு பாகத்தில் இருந்து தொடங்குவோம்.

பிரீதர்

மலையடிவாரப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது.

“அண்ணே, போன மாசம்தான் ரெண்டு பக்கமும் சீல் மாத்துனோம். திரும்பவும் டிரம்முக்குள்ள ஆயில் வருது.”

“பிரீதரைக் கழட்டிப் பாத்தியா தம்பி?”

“அது எங்கண்ணே இருக்கு?”

ஆக்சில் ஹவுசிங்கின் மேல்பக்கத்தில், டிஃபரன்ஷியலுக்கு ஓரமாக, குழாயின் மேல் தொப்பி போட்டது போன்ற ஒரு சிறு உலோகத் திருகு இருக்கும். அதுதான் பிரீதர். ஆக்சில் ஓட ஓட எண்ணெயும் உள்ளிருக்கும் காற்றும் சூடாகும்; காற்று விரிந்து இந்த வழியாக வெளியேறும். ஆறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே வரும். இந்த வழி சேற்றாலோ துருவாலோ பெயின்ட்டாலோ அடைபட்டால் இரண்டு விதமான கேடு வரும்.

ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சீல் நேற்றுப் போட்டதாக இருந்தாலும் ஒழுகும். இறங்கி ஓடையைக் கடக்கும்போது நடப்பது இதைவிட மோசம். 70 டிகிரி சூட்டில் இருக்கும் ஹவுசிங் 20 டிகிரித் தண்ணீரில் அமிழ்ந்ததும் உள்காற்று சுருங்குகிறது. காற்றுக்கு வேறு வழி இல்லாவிட்டால் உள்ளழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு விழும். ஆயில் சீலின் உதடு எண்ணெயை உள்ளே நிறுத்தி வைப்பதற்காக உள்நோக்கிச் சாய்ந்திருப்பது. உள்ளிருந்து ஓரளவு வரை அழுத்தினால் அது ஷாஃப்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து அழுத்தினால் தூக்கிக் கொடுத்துவிடும். சுருங்கிய காற்று இழுக்கிற தண்ணீர் அந்த வழியாகச் சேற்றோடு உள்ளே போகிறது. மேலே பேசிய தம்பியின் ஜீப்பில் மூன்றாவது முறை சீல் மாற்றினாலும் இதுதான் நடக்கும்.

பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டு, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் மாற்றுங்கள்; விலை மிகக் குறைவு. அதைக் கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடைப்பை எடுக்கப் போய் மண்ணை நாமே உள்ளே போட்டதாகிவிடும்.

தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு இது போதாது. பிரீதர் இருக்கும் துளையில் ஒரு நிப்பிள் பூட்டி, எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பர் ஹோஸை அங்கிருந்து சேசிஸ் வழியாக மேலே கொண்டுபோங்கள். பின்விளக்குக்குப் பின்னாலோ, எஞ்சின் அறையின் உச்சியிலோ அதன் முனை இருக்கட்டும். முனையில் ஒரு சிறிய பெட்ரோல் ஃபில்டரைச் செருகினால் தூசி போகாது. ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸில் தளர்வு விட வேண்டும். ஆனால் நடுவில் தொய்ந்து வளைய விடக்கூடாது, தொய்வில் தண்ணீர் தங்கிவிடும். பின் ஆக்சிலுக்குச் செய்யும்போதே முன் ஆக்சிலுக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம் காசே இல்லாதது. ஆழமான ஓடை வந்தால் நேராக இறக்காமல் கரையில் சற்று நேரம் வண்டியை நிறுத்துங்கள். ஆக்சில் ஆறிய பிறகு இறக்கினால் உள்ளே இழுக்கும் வேகம் குறையும்.

கிரவுன் ஆயில்

டிஃபரன்ஷியல் எண்ணெயை நம் பட்டறைகளில் கிரவுன் ஆயில் என்றுதான் கேட்க வேண்டும். அதற்கென்று தனி எண்ணெய் ஏன் என்பதற்குப் பற்களின் அமைப்பே காரணம். ஹைப்பாயிட் வகையில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்காரும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் உராய்ந்து சறுக்கவும் செய்யும். பாரம் ஏறிய அந்தச் சறுக்கலில் சாதாரண எண்ணெய்ப் படலம் அறுந்துபோகும். ஜி.எல்.5 என்று முத்திரையிட்ட எண்ணெயில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அந்தச் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய படலத்தைக் கட்டும். பல்லும் பல்லும் நேராக உரசாமல் அது காக்கும். எண்ணெயின் நெடியும் இந்தக் கந்தகத்தால்தான்.

கடையில் ஜி.எல்.4 கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். ஒன்றல்ல. ஹைப்பாயிட் ஆக்சிலுக்கு ஜி.எல்.5 வேண்டும். ஜி.எல்.4 கேட்கும் கியர்பாக்ஸில் மிச்சமான ஜி.எல்.5-ஐ ஊற்றினால் அங்குள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கெடலாம். இரண்டையும் தனித்தனி டின்னில் வைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கனம் எவ்வளவு? கையேட்டில் 80டபிள்யூ-90 என்று இருந்தால் அதுதான். சமவெளி வெயிலில் முழுப் பாரத்தோடு, தாழ்ந்த கியரில் மணிக்கணக்கில் ஊரும் வண்டிக்குக் கையேடு அனுமதித்தால் 85டபிள்யூ-140 போடலாம். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கனமான எண்ணெய் நல்லதல்ல. காலையில் வண்டியை எடுத்ததும் பினியன் பேரிங்குக்குப் போய்ச் சேர அதற்கு நேரம் பிடிக்கும். லிமிட்டட் ஸ்லிப், லாக்கிங் டிஃபரன்ஷியல் பூட்டிய வண்டிகளில் உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கலாம். அவற்றுக்கு எந்த எண்ணெய், எந்தச் சேர்மானம் என்பதைக் கையேடு சொல்லும். அதை மீறி யார் சொன்னதையும் கலக்காதீர்கள்.

எண்ணெய் மாற்றும்போது முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள நிரப்பும் பிளக். கீழ்ப் பிளக்கைத் திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு, மேல் பிளக் துருப்பிடித்துத் திருக வராமல் நின்றால் வண்டியை நகர்த்தவும் முடியாது, எண்ணெய் ஊற்றவும் முடியாது. சிறிது தூரம் ஓட்டிச் சூடான பிறகு வடித்தால் எண்ணெய் அடியில் கிடக்கும் துகள்களையும் கூட்டிக்கொண்டு வரும்.

வடிந்ததை வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பாக, கறுப்பாக இருப்பது வயதுதான். பால் கலந்த டீயின் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. எண்ணெய் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது என்றாலும் மாற்ற வேண்டும். தண்ணீர் எண்ணெயைக் கெடுப்பதோடு நிற்காது. வண்டி நிற்கும் இரவுகளில் பேரிங் உருளைகளுக்கு அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். நிறம் மாறாமலும் தண்ணீர் இருக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் கீழ்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர்தான் முதலில் சொட்டும். ஆழமான தண்ணீரில் இறங்கிய மறுநாள் இதைச் செய்து பாருங்கள்.

பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல மென்மையாக இருந்தால் பற்களின் இயல்பான தேய்மானம். விரலில் நெருடினால், ஊசி ஊசியாக, செதில் செதிலாக வந்தால் உள்ளே எதுவோ உடைந்துகொண்டிருக்கிறது. பல்லின் மூலை போன்ற துண்டு கிடைத்தால் அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

பல பழைய ஜீப்புகளின் பின் ஆக்சில் ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத்தான் எண்ணெய் கொள்ளும். அவ்வளவு சிறிய அளவில் கால் லிட்டர் ஒழுகிப்போவது பெரிய இழப்பு. சமதரையில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் நிரப்பும் துளையின் விளிம்பைத் தொடும் வரை ஊற்றுங்கள். சுண்டு விரலை வளைத்து உள்ளே விட்டால் நுனி நனைய வேண்டும். சரிவில் நிறுத்தி ஊற்றினால் அளவு பொய்யாகும். அதிகம் ஊற்றுவதும் தவறு. நுரைத்துச் சூடேறி சீலை முட்டும்.

காட்டுப் பாதையில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் தார்ச்சாலைக்குச் சொன்ன கிலோமீட்டரில் பாதிக்கே மாற்றுவது என் கணக்கு. ஒன்றரை லிட்டர் எண்ணெயின் விலையைக் கிரவுன் பினியன் செட்டின் விலையோடு வைத்துப் பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆயில் சீல்

சீல் கசிந்தால் கண்ணில் படும் முதல் அடையாளம், சக்கரத்தின் உட்பக்க டயர்ச் சுவரில் ஓடும் எண்ணெய்க் கோடு. அடுத்தது பிரேக். ஒரு சக்கரம் பிடிக்காமல் நழுவும், அல்லது திடீரென்று கவ்வும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இது உயிர் போகிற விஷயம். பின் ஆக்சில் சீலைப் பிரேக்கின் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைக் கழற்றியதும் கசிந்திருப்பது எது என்று முதலில் தீர்மானியுங்கள். கெட்டியாக, கந்தக நெடியோடு, பேக் பிளேட்டின் நடுவில் இருந்து கீழே வழிந்திருந்தால் கிரவுன் ஆயில். மெல்லியதாக, பெயின்ட்டை உரித்துக்கொண்டு, வீல் சிலிண்டருக்கு அடியில் இருந்து வந்திருந்தால் பிரேக் ஃப்ளூயிட். அப்போது அதன் டப்பாவிலும் அளவு இறங்கியிருக்கும். இதைப் பார்க்காமல் சீலை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது பரவலான பழக்கம். லைனிங் சூடானதும் ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். புதிது போடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து.

வில்லிஸ் வம்சத்துப் பழைய ஆக்சில்களில் பலரும் தவறவிடுகிற ஒன்று உண்டு. அவற்றில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சீல்கள். உள்சீல் ஹவுசிங் குழாய்க்குள் உட்கார்ந்து கிரவுன் ஆயிலைத் தடுக்கும். அதற்கு வெளியே கிரீஸ் அடைத்த பேரிங். அதற்கும் வெளியே, கிரீஸ் டிரம்முக்குள் போகாமல் தடுக்கும் வெளிச்சீல். உள்சீல் தேய்ந்தால் கிரவுன் ஆயில் பேரிங்குக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக் கழுவிவிடும். பிறகு வெளிச்சீலையும் தாண்டும். கண்ணுக்குத் தெரிவது வெளிச்சீல் கசிவு மட்டுமே. அதை மட்டும் மாற்றினால் சில நாள் காய்ந்திருக்கும், அதன் பிறகு பழைய கதை. இரண்டையும் மாற்றி, பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் அடைக்க வேண்டும். கிரவுன் ஆயிலிலேயே பேரிங் நனையும் வகை ஆக்சிலும் உண்டு. அதில் இந்த உள்சீல் இருக்காது. அங்கே கிரீஸைக் கொண்டுபோய் அடைத்தால் எண்ணெய் வரும் வழியைத்தான் அடைத்ததாகும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

பழைய சீலை எடுத்ததும் அதன் உதடு உரசிய இடத்தை ஷாஃப்ட்டில் பாருங்கள். நகத்தால் குறுக்கே கீறினால் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே நிற்காது. அந்த இடத்தில் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். கிடைக்காவிட்டால், இடம் இருக்கும் வண்டிகளில் சீலை ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியோ வெளியே நிறுத்தியோ அடித்து, உதடு தேயாத பகுதியில் படும்படி செய்யலாம். துருப் புள்ளிகள் மட்டும் என்றால் நைஸ் எமரித் தாளால் ஷாஃப்ட்டைச் சுற்றிச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் எண்ணெய்க்கு வாய்க்கால்.

புதுச் சீலைப் பூட்டும்போது உள்ளே சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள்; வறண்ட உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு முனையில் தட்டி இன்னொரு முனையில் தட்டினால் தகடு கோணும். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான குழாய்த் துண்டை வைத்து நேராக இறக்குங்கள். ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது அதன் ஸ்ப்லைன் பற்கள் உதட்டில் உரசாமல், கையால் தாங்கித் தாங்கிக் கொண்டுபோக வேண்டும். பாதிச் சீல்களைப் பூட்டும்போதே கிழித்துவிடுகிறோம்.

பினியன் சீல் வேறு கதை. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, ஃபிளாஞ்சின் நட்டைத் திறந்தால்தான் அது வெளியே வரும். அந்த நட்டுதான் பினியன் பேரிங்கின் இறுக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சில ஆக்சில்களில் உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்றும் இருக்கும். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அது இன்னும் நசுங்கி, பேரிங் பிடித்துக்கொள்ளும். கழற்றும் முன் நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே அடையாளக் கோடு போட்டு, சுற்றுகளை எண்ணி, அதே இடத்துக்குக் கொண்டுவருவது அனுபவஸ்தர் வழி. டார்க் ரிஞ்சும் கையேடும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பேரிங்

கெடத் தொடங்கிய பேரிங் முதலில் சத்தத்தால் சொல்லும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டதும் மாறுகிற சத்தம் பெரும்பாலும் கிரவுன், பினியன் பக்கத்தது. ஆக்சிலரேட்டருக்குச் சம்பந்தமில்லாமல் வேகத்தோடு கூடிக் குறையும் உறுமல் சக்கரப் பேரிங். இடப்பக்கம் திருப்பும்போது எடை வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலப் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மண் டயரின் இரைச்சலும் இதே போல இருக்கும் என்பதால் நல்ல தார்ச்சாலையில் கேட்டுப் பாருங்கள்.

பிறகு முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக்கூடாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையை ஸ்பிரிங் பட்டையின் மேல் வைத்தால், கெட்ட பேரிங்கின் நெருநெருப்பு விரலுக்கு வரும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். பின் நேராக உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். டேப்பர் ரோலர் பேரிங் பூட்டிய ஆக்சிலில் துளி பிளே இருக்கத்தான் வேண்டும், அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு. கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் கழற்ற வேண்டியதுதான்.

பழைய ஜீப்புகளில் ஹப், கூம்பு வடிவ ஷாஃப்ட் முனையில் சாவியோடு கெட்டியாக உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கப் பலமான புல்லர் வேண்டும். ஷாஃப்ட் முனையில் சம்மட்டியால் அடிப்பதைக் கைவிடுங்கள். மரை சிதைவதோடு, அந்த அடி நடுவில் இரண்டு ஷாஃப்ட்டுக்கும் இடையே இருக்கும் கட்டை வரைக்கும், மறுபக்கப் பேரிங் வரைக்கும் போகும். புல்லரை இறுக்கும்போது நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில மரை பிடித்திருக்கும்படி விட்டு வையுங்கள். கூம்பில் இருந்து ஹப் விடுபடும் கணத்தில் வெடி வெடித்த சத்தத்தோடு துள்ளும். நட்டு இல்லாவிட்டால் டிரம்மும் புல்லரும் சேர்ந்து எதிரில் நிற்பவர் மேல் வரும். மறுபடி பூட்டும்போது நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்கிய பின் காட்டர் பின்னுக்குத் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கினால் ஹப் கூம்பில் நகர்ந்து சாவியை அறுத்துவிடும்.

கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்துப் படியுங்கள். என்ன நடந்தது என்பதற்கு அதில் சாட்சி இருக்கும். ஓடுபாதையில் தோல் உரிந்தது போலச் செதில் பெயர்ந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது. வயதோ, அதிகப் பாரமோ காரணம். உருளைகளின் இடைவெளியில், அதே வரிசையில் பள்ளங்கள் பதிந்திருந்தால் அடி. பாறையில் விழுந்திருக்கலாம், பூட்டும்போது யாரோ சுத்தியலால் அடித்திருக்கலாம். நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருந்தால் எண்ணெய் இல்லாமல் ஓடியது. மெல்லிய கீறல்கள் நிறைந்து மங்கியிருந்தால் மண். அதே உருளை இடைவெளியில் பழுப்புக் கோடுகள் அரித்திருந்தால் தண்ணீர், அதுவும் வண்டி நின்றபோது தங்கிய தண்ணீர். மலை வண்டிகளில் இந்தக் கடைசிச் சாட்சியைத்தான் நான் மிகுதியும் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டால் பேரிங் வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒருமுறை பிரீதரைப் போய்ப் பாருங்கள்.

டேப்பர் பேரிங்கில் உருளைகள் உள்ள கூம்பும் வெளிக் கிண்ணமும் ஒரு ஜோடி. கூம்பை மட்டும் புதிதாக்கிப் பழைய கிண்ணத்தில் ஓட்டக்கூடாது. டிம்கன், எஸ்.கே.எஃப். பெயரில் போலிகள் நடமாடுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட கடையில் பில்லோடு வாங்குங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் அந்த அடி உருளைகள் வழியாகத்தான் போகும். புதுப் பேரிங்கில் முதல் நாளே பள்ளம். இறுக்கமாக இருந்தால் சுத்தமான எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி நழுவ விடலாம். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டினால் எஃகின் பதம் போய்விடும்.

பிளேயை ஷிம் தகடுகளால் சரிசெய்வது பழைய ஜீப் ஆக்சிலின் முறை. பேக் பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஷிம் கூட்டினால் பிளே கூடும், எடுத்தால் குறையும். இரண்டு ஷாஃப்ட்டும் நடுக்கட்டையில் முட்டி நிற்பதால் ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கமும் தெரியும். ஒரே பக்கத்தில் அடுக்காமல் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரித்துப் போடுங்கள். டயல் கேஜ் வைத்து அளந்து கையேட்டு எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கமாக விட்ட பேரிங் மலையேற்றத்தில் சூடேறி எரியும். சற்றுத் தளர்ந்த பேரிங் அதைவிட நீண்ட நாள் ஓடும்.

மாருதி ஜிப்ஸியில் அமைப்பு வேறு. ஒற்றைப் பால் பேரிங்கை ஷாஃப்ட்டில் அழுத்தி, அதன் பின்னால் ஒரு வளையத்தை இறுக ஏற்றியிருப்பார்கள். சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வராமல் பிடித்திருப்பது அந்த வளையம்தான். அதைக் கிரைண்டரால் ஓரிடத்தில் மெலிதாகத் தேய்த்து, உளியால் ஒரே போடு போட்டுப் பிளந்து எடுப்பார்கள். கிரைண்டர் ஷாஃப்ட்டைத் தொட்டுவிடக் கூடாது. ஒருமுறை எடுத்த வளையத்தை மறுபடி போடக்கூடாது. புது வளையத்தைப் பிரஸ்ஸில் கொடுத்து ஏற்ற வேண்டும். இது சாலையோரத்தில் செய்யும் வேலை அல்ல.

இங்கே சொன்ன ஜீப், ஜிப்ஸி ஆக்சில்கள் இரண்டுமே செமி ஃப்ளோட்டிங் வகை. வண்டியின் எடையையும் ஷாஃப்ட்டே தாங்குகிறது. ஷாஃப்ட் முறிந்தாலோ வளையம் நழுவினாலோ சக்கரம் கழன்றுபோகும். லாரிகளிலும் சில பெரிய லேண்ட் குரூசர்களிலும் உள்ள ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சிலில் ஹப், குழாயின் வெளிமுனையில் இரண்டு பேரிங்குகளில் தனியாக நிற்கும். ஷாஃப்ட் சுழற்றும் வேலையை மட்டும் செய்யும். சக்கரத்தைக் கழற்றாமலே அதை உருவி எடுக்கலாம். பாரம் ஏற்றிக் காட்டுக்குள் நெடுந்தூரம் போகிறவர் புது வண்டி தேடினால் இந்த ஒரு வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன்.

பூட்டி முடித்த பிறகு

பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு டிரம்மின் நடுப்பகுதியையும் புறங்கையால் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுகியிருக்கும், அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். மறுநாள் காலை அடியில் ஒரு அட்டையைப் போட்டு, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் தண்ணீரில் இறங்கிய நாட்களையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். அடுத்து வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக் காரணம் தேட அது உதவும்.

வடித்த எண்ணெயைப் பட்டறை வாசலிலோ எஸ்டேட் ஓடையிலோ கொட்டாதீர்கள். மலையில் கொட்டிய எண்ணெய் மழையோடு கீழே இருக்கிற ஊர்களின் குடிநீருக்குத்தான் போகும். மூடியுள்ள கேனில் சேர்த்து, பதிவு பெற்ற கழிவு எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.